பள்ளியில் மருந்தடிக்கும் முன் வீட்டுக்குச் சொல்வது எப்படி?

கொங்கு நாட்டுப் பள்ளி ஒன்றில் புதிதாகத் தலைமையாசிரியராகவோ, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினராகவோ, விடுதிக் காப்பாளராகவோ பொறுப்புக்கு வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டடம், கழிப்பறை, சத்துணவு என்று ஆயிரம் வேலைக்கு நடுவில் பூச்சி மருந்து அடிப்பது யாருக்கும் பெரிய விஷயமாகத் தெரியாது. கரப்பான் தொல்லை என்று சமையலர் சொல்வார். யாரோ ஒருவர் மருந்து கொண்டுவந்து அடித்துவிட்டுப் போவார். மறுநாள் பள்ளி வழக்கம்போல நடக்கும். அப்புறம் ஒரு அம்மா போன் செய்து, "ஏனுங் டீச்சர், ஸ்கூல்ல என்ன மருந்துங் அடிச்சீங்க? புள்ள ராத்திரியெல்லாம் இருமீட்டே கெடந்தாளுங்" என்று கேட்கும்போதுதான், அடித்த மருந்தின் பெயர் பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது என்பது வெளியே வரும்.

அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடிகிற பள்ளியாக உங்கள் பள்ளி இருக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவு இல்லை. என்ன மருந்து, எதற்காக, எந்த இடத்தில், எந்த நாளில் என்று பெற்றோருக்கு முன்கூட்டியே எழுதிச் சொல்லும் பழக்கம் ஒன்று போதும். இதில் பெற்றோருக்குக் கிடைக்கும் பயனைவிடப் பள்ளிக்குக் கிடைக்கும் பயன் பெரிது என்பது என் எண்ணம். மருந்தின் பெயரை எழுத வேண்டுமென்றால் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எதற்காக என்று எழுத வேண்டுமென்றால் உண்மையிலேயே தேவையா என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் செய்யத் தொடங்கிய பள்ளிக்குள் கண்ட மருந்தும் கண்டபடி நுழையாது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இதற்கென்றே 2000-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த ஆண்டில் என்னென்ன மருந்து பயன்படுத்தக்கூடும் என்று பள்ளி ஆண்டுக்கொரு முறை எல்லாப் பெற்றோருக்கும் எழுத வேண்டும். ஒவ்வொரு முறையும் தனக்குச் சொல்ல வேண்டும் என்று பெயரைப் பதிந்துகொண்ட பெற்றோருக்கு, அடிப்பதற்கு 72 மணி நேரம் முன்பே தகவல் போக வேண்டும். அடிக்கும் இடத்தில் 24 மணி நேரம் முன்பே எச்சரிக்கைப் பலகை வைத்து, அடித்தபின் 72 மணி நேரம் கழித்துத்தான் எடுக்க வேண்டும். பதிவுகளை 4 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நம் ஊர்ப் பள்ளி இதே முறையைப் பின்பற்ற, தலைமையாசிரியரும் மேலாண்மைக் குழுவும் ஒரு கூட்டத்தில் தீர்மானம் போட்டால் போதும். கீழே நான் சொல்லும் நாள் கணக்கு இதை ஒட்டியதுதான்.

குழந்தைகள் விஷயத்தில் ஏன் இத்தனை கவனம் என்று யாராவது கேட்டால் சொல்லுங்கள்: உடல் எடைக்குக் கணக்குப் பார்த்தால் அவர்கள் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள். தரையில் உட்கார்ந்து, தரையில் விளையாடி, அதே கையை வாயில் வைக்கிறார்கள். மூளையும் நரம்பும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வயது அது. கரையானுக்கு நாம் சாதாரணமாக ஊற்றும் குளோர்பைரிபாஸ் மருந்தை, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கருதி, அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு முதலே வீட்டு உபயோகத்திலிருந்து விலக்கத் தொடங்கிவிட்டார்கள்.

முதல் வேலை: பள்ளியைச் சுற்றி வருவது

ஒரு சனிக்கிழமை சமையலர், தூய்மைப் பணியாளர், இரண்டு பெற்றோர் ஆகியோரைக் கூட்டிக்கொண்டு வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். எந்தப் பூச்சி, எங்கே, எந்த மாதத்தில் என்று எழுதிக்கொள்ளுங்கள். இது நம் பகுதிக்குள்ளேயே ஊருக்கு ஊர் மாறும். நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணையை ஒட்டிய பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஈ. திருப்பூரில் குழாய்த் தண்ணீர் தினமும் வராத தெருக்களில், தொட்டியிலும் டிரம்மிலும் பிடித்து வைத்த தண்ணீரில் கொசுப்புழு. மூலனூர், அரவக்குறிச்சி பக்கம் முருங்கை மரம் நிற்கும் வளாகங்களில், மழைக்காலத்தில் அடிமரத்தில் அடை அடையாகக் கம்பளிப்பூச்சி. தென்னந்தோப்பு சூழ்ந்த பொள்ளாச்சி, ஆனைமலை ஊர்களில் எலி. விடுதி இருந்தால் மூட்டைப்பூச்சி. பழைய ஓட்டுக் கட்டடம் என்றால் கரையான்.

எழுதி முடித்ததும் ஒவ்வொன்றையும் மருந்தில்லாமல் முடிக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலானவற்றுக்கு இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். ஆகவே வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை என்றே வைத்துக்கொள்ளுங்கள், தொட்டிகளைக் கவிழ்த்துச் சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால் அந்தச் சுழற்சி அறுந்துபோகும். தேய்ப்பது முக்கியம், அந்தக் கொசுவின் முட்டை தொட்டிச் சுவரில் காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தண்ணீர் ஏறியதும் பொரியும். சுண்டெலி ஒரு பென்சில் நுழையும் ஓட்டைக்குள் நுழைந்துவிடும் என்பதால், அரிசி மூட்டை அறையின் கதவடியில் தகரப் பட்டை அடித்து, குழாய் போகும் சுவர் ஓட்டையைச் சிமென்ட் வைத்துப் பூசுவதுதான் எலிக்கு முதல் வைத்தியம். மூட்டைகளைப் பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்குங்கள். கம்பளிப்பூச்சி கூட்டமாக அடிமரத்தில் நிற்கும்போது, நீளமான கழியில் சாக்கைக் கட்டிச் சோப்புத் தண்ணீரில் தோய்த்து வழித்தெடுத்துப் புதைத்துவிடலாம்; செய்கிறவர் முழுக்கைச் சட்டையும் கையுறையும் போட்டுக்கொள்ள வேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. கதண்டுக் கூட்டை மட்டும் நீங்களாகத் தொடாதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

இங்கே நமக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. பெற்றோரில் பலர் தோட்டம் செய்கிறவர்கள். மஞ்சள் ஒட்டும் பொறியும் இனக்கவர்ச்சிப் பொறியும் கட்டிப் பழகியவர்கள், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சிக்குப் போய் வந்தவர்கள். மருந்துப் புட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆசிரியர்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களில் ஒருவரை இந்த வேலைக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக் கேட்டைத் தாண்டக் கூடாதவை

அதே பலத்தில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. "தோட்டத்துல அடிச்சது கொஞ்சம் மிச்சம் இருக்குதுங் சார், ஸ்கூலுக்கு வெச்சுக்கங்க" என்று நல்ல மனதோடு யாராவது கொண்டுவந்து தருவார்கள். நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிடுங்கள். பயிருக்கென்று பதிவான மருந்தைக் கட்டடத்துக்குள் அடிக்கக் கூடாது. வீட்டுப் பூச்சிகளுக்கென்று தனியாகப் பதிவு செய்த மருந்துகள் இருக்கின்றன. செறிவும் கலவையும் வேறு. மைதானத்துப் புல்லுக்குக் களைக்கொல்லி அடிப்பதும் வேண்டாம். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு இன்றுவரை முறிமருந்து கிடையாது. புல்லை ஆள் விட்டு வெட்டுங்கள்.

நுவான் என்ற பெயரில் வெகுகாலம் வீடுகளில் புழங்கிய டைக்குளோர்வாஸ் மருந்துக்கு, மத்திய அரசின் 2018 ஆணைப்படி, 2020 டிசம்பர் 31-லிருந்து நாடு முழுவதும் தடை இருக்கிறது. பழைய புட்டி எங்காவது பொருள் அறையில் கிடந்தால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வேளாண்மை அலுவலரிடம் என்ன செய்வதென்று கேளுங்கள். சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப் பசைக்குத் தமிழ்நாட்டில் தடை உண்டு. பற்பசை மாதிரி டியூபில் வரும் அது கல்லீரலை அழித்துவிடும், அதற்கும் முறிமருந்து இல்லை. தானியத்துக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை வெளியிடும். அரிசி அறையில் வண்டு என்று யாராவது அந்த மாத்திரையைக் கொண்டுவந்தால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள்.

எறும்புச் சாக் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். அதில் இருப்பது பைரத்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி. பார்வைக்கு அப்படியே சாக்பீஸ். ஆசிரியர் மேசை டிராயரில் இரண்டும் ஒன்றாகக் கிடக்கிற ஒரே இடம் பள்ளிக்கூடம்தான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எதை எடுத்துப் பலகையில் எழுதும் என்று யார் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? அதைப் பள்ளியில் வைக்கவே வேண்டாம்.

காலிப் புட்டிகள் விஷயத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்தில் கண்டாமன் என்ற ஊரின் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்ததைத் தடயவியல் சோதனை காட்டியது. அந்த மருந்தின் பெயர் நம் ஊர் விவசாயிகளில் தெரியாதவர் இல்லை. மருந்து வந்த எந்தப் பாத்திரமும், எத்தனை முறை கழுவினாலும், சமையலறைப் பக்கம் போகக் கூடாது. மருந்தும் உணவுப் பொருளும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. பள்ளியில் மருந்தே இருப்பு வைக்காமல், அடிக்க வருகிறவரே கொண்டுவந்து அவரே மீதியைத் திருப்பி எடுத்துப் போகச் சொல்வது இன்னும் நல்லது.

ஆளை வரச் சொல்லும்போது

1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971-ஆம் ஆண்டின் விதிகளும்தான் இதற்கு அடிப்படை. காசு வாங்கிக்கொண்டு பூச்சிக் கட்டுப்பாட்டு வேலை செய்கிறவர் அதற்கான அரசு உரிமம் வைத்திருக்க வேண்டும். உரிமத்தின் நகலைக் கேளுங்கள். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.

அடுத்து, என்ன மருந்து கொண்டுவரப் போகிறார் என்று கேளுங்கள். "கரப்பான் மருந்துங்க" என்ற பதில் போதாது. மருந்தின் வேதிப் பெயர் வேண்டும், லேபிளின் போட்டோ வேண்டும். வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். லேபிளில் ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி நிறம்தான் நஞ்சின் அளவைச் சொல்வது: சிவப்பு மிகக் கொடியது, மண்டையோட்டுப் படமும் இருக்கும், மஞ்சள் அதற்கடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைவு. சிவப்பு, மஞ்சள் இரண்டும் பள்ளிக்கு வேண்டாம் என்று முடிவாகச் சொல்லிவிடலாம். பச்சை என்பதற்காகப் பிள்ளைகள் இருக்கும்போதே அடிக்கலாம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். லேபிளிலேயே பதிவு எண், காலாவதித் தேதி, முறிமருந்து விவரம் எல்லாம் இருக்கும். புட்டியோடு வரும் மடிப்புத் தாளில் முதலுதவி விவரமும் இருக்கும். அந்தத் தாளை வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

தெளிக்காமல் முடியுமா என்றும் அவரிடம் கேளுங்கள். கரப்பானுக்கு இடுக்குகளில் புள்ளி புள்ளியாக வைக்கும் ஜெல் இருக்கிறது. எலிக்குக் கூண்டு இருக்கிறது. விஷக் கட்டிதான் வைக்க வேண்டும் என்றால் பூட்டுப் போட்ட பெட்டிக்குள், பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் மட்டும். அறை முழுக்கத் தெளிப்பது கடைசி வழி.

கடிதம் எழுதுவது

அடிக்கும் நாளுக்கு 72 மணி நேரம் முன்பு, அதாவது சனிக்கிழமை காலை வேலை என்றால் புதன்கிழமை காலைக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். சுற்றறிக்கை நடை வேண்டாம். ஒரு அம்மா இன்னொரு அம்மாவுக்குப் படித்துக் காட்டினால் புரிகிற மாதிரி எழுதுங்கள். மாதிரிக்கு ஒன்று:

"அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம். நம் பள்ளிச் சமையலறையிலும் பொருள் அறையிலும் கரப்பான் தொல்லை இருக்கிறது. சுவர் விரிசல்களை அடைத்தோம், குப்பைத் தொட்டிக்கு மூடி போட்டோம், இரவில் பாத்திரம் கழுவாமல் விடுவதை நிறுத்தினோம். குறைந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை. ஆகவே வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு, உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர் வந்து அலமாரி இடுக்குகளில் ஜெல் வைப்பார். வெளியே கழிவுநீர்க் குழியில் மருந்து தெளிப்பார். ஜெல்லில் உள்ள மருந்தின் பெயர் பிப்ரோனில். தெளிக்கும் மருந்தின் பெயர் டெல்டாமெத்ரின். வகுப்பறைகளில் எதுவும் அடிக்கப்படாது. அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமையும் மைதானத்துக்கு விளையாட யாரையும் அனுப்ப வேண்டாம். திங்கள் காலை சமையலறை முழுவதும் கழுவிய பிறகே சமையல் தொடங்கும். உங்கள் பிள்ளைக்கு வீசிங், தோல் ஒவ்வாமை இருந்தால் வகுப்பாசிரியரிடம் இப்போதே சொல்லுங்கள். இதில் எது பற்றிக் கேட்க வேண்டுமென்றாலும் தலைமையாசிரியரை அழைக்கலாம். லேபிளின் படம் தகவல் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது."

இவ்வளவுதான். இதில் எதையும் வெட்டிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். குறிப்பாக, மருந்தில்லாமல் என்னென்ன செய்து பார்த்தோம் என்ற வரியை. பள்ளி எடுத்த எடுப்பில் மருந்துக்குப் போகவில்லை என்று பெற்றோருக்குத் தெரிவது அந்த வரியில்தான். மருந்தின் பெயரையும் முழுதாக எழுதுங்கள். "பாதுகாப்பான மருந்து", "பக்கவிளைவு இல்லாதது" என்றெல்லாம் எழுத வேண்டாம்; அடிக்கிறவர் அப்படித்தான் சொல்வார், ஆனால் பள்ளி அதற்கு உறுதி கொடுக்க முடியாது. கலிபோர்னியாச் சட்டத்தில் ஜெல்லுக்கும் மூடிய பெட்டியில் வைக்கும் இரைக்கும் முன்னறிவிப்பு தேவையில்லை என்று விலக்கு இருக்கிறது. நம் பள்ளியில் அதையும் சேர்த்தே சொல்லிவிடலாம், ஒரு வரி கூடுதல், அவ்வளவே.

எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிட முடியாது. போய்ச் சேர வேண்டும். பனியன் கம்பெனியிலும் மில்லிலும் வேலை செய்கிற அம்மா பொழுது போய்த்தான் வீட்டுக்கு வருவார். பிள்ளையின் பையில் மடித்து வைத்த தாளை எடுத்துப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. ஆகவே அதே கடிதத்தை வகுப்பாசிரியர் தன் குரலில் நிதானமாகப் படித்து வாட்ஸப் குழுவில் போடட்டும். வேலை செய்துகொண்டே கேட்டுக்கொள்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்கும் குரல் பதிவுதான் சரி. போனே இல்லாத வீடு இருந்தால், பக்கத்து வீட்டுப் பெற்றோரிடம் சொல்லி அனுப்புங்கள், சொல்லியாயிற்றா என்று மறுநாள் கேட்டுக்கொள்ளுங்கள்.

திருப்பூர், பெருந்துறை, கோவைப் பக்கத்துப் பள்ளிகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழ்க் கடிதம் போனால் போகாத மாதிரிதான். தமிழும் தெரிந்த அந்த ஊர்ப் பெற்றோர் ஒருவரை அழைத்து, இந்தியிலோ ஒடியாவிலோ அதையே பேசிப் பதிவு செய்து தரச் சொல்லுங்கள். விருப்பத்தோடு செய்வார்கள். பள்ளி தங்களையும் கணக்கில் வைத்திருக்கிறது என்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நீங்களே பார்ப்பீர்கள்.

வீசிங் உள்ள பிள்ளைகளின் பட்டியலை ஜூன் மாதமே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீடுகளுக்குக் கடிதம் மட்டும் போதாது, வகுப்பாசிரியர் போனில் பேச வேண்டும். ஒவ்வொரு முறையும் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள் என்று கேட்கும் பெற்றோருக்காக ஒரு பெயர்ப் பதிவும் வையுங்கள். அங்கன்வாடி அதே வளாகத்தில் இருந்தால் அங்கே வரும் சின்னஞ்சிறுசுகளின் வீடுகளையும் மறந்துவிடாதீர்கள்.

அரசுப் பள்ளியாக இருந்தால், கடிதத்தை மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒருமுறை வாசித்துவிடுங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். தெருவில் முதலில் கேள்வி வருவது அவர்களிடம்தான், அவர்களுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

அடிக்கும் நாள், அதற்கடுத்த நாள்

பிள்ளைகள் இல்லாத நாளில் மட்டும் செய்யுங்கள். பெரிய வேலைகளை, உதாரணமாகக் கரையானுக்குத் தரையில் துளை போட்டு மருந்து ஊற்றுவதை, மே விடுமுறையின் தொடக்கத்திலேயே வைத்துக்கொண்டால் ஜூன் திறப்புக்குள் வாடை போய்விடும். சனிக்கிழமை சிறப்பு வகுப்பு, விளையாட்டுப் பயிற்சி எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வெள்ளி காலையே வாசலில் எச்சரிக்கைப் பலகை வையுங்கள். தட்டு, டம்ளர், தண்ணீர்க் குடம், விளையாட்டுச் சாமான், புத்தகம் எல்லாம் வெளியே எடுத்துவிட வேண்டும், அல்லது மூடிவிட வேண்டும். அடிக்கும் நேரம் முழுக்கப் பள்ளி சார்பில் ஒருவர் வெளியே நின்று பார்க்க வேண்டும். கடிதத்தில் சொன்ன மருந்தும் கையில் வந்திருக்கும் புட்டியும் ஒன்றுதானா என்று பார்ப்பது அவர் வேலை. வேறாக இருந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுங்கள். பெற்றோருக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு வேறொன்றை அடித்தால், அதற்கப்புறம் நீங்கள் அனுப்பும் எந்தக் கடிதத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

லேபிளில் சொன்ன நேரம் கழிந்த பிறகு கதவு, சன்னல்களைத் திறந்துவிட்டு, பெஞ்சு, மேசை, கைப்பிடி ஆகியவற்றைச் சோப்புத் தண்ணீரில் துடைக்கச் சொல்லுங்கள். துடைக்கிற அம்மாவுக்குக் கையுறை வாங்கிக் கொடுங்கள். தூய்மைப் பணியாளரும் சமையலரும்தான் பிள்ளைகளுக்கு முன்னால் உள்ளே போகிறவர்கள். பெற்றோருக்குச் சொன்ன அத்தனையும் அவர்களுக்கும் சொல்லியிருக்க வேண்டும்.

கொசு மருந்து

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்ததும் மாநகராட்சியோ ஊராட்சியோ கொசு ஒழிப்புப் பணியாளர்களை அனுப்பும். இது பள்ளி கூப்பிட்டு வருவதல்ல என்பதால் முன்கூட்டிச் சொல்வது சிரமம். வட்டாரச் சுகாதார ஆய்வாளரின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, புகை மருந்து அடிப்பதாக இருந்தால் பள்ளி விட்ட பிறகு வாருங்கள் என்று முன்பே பேசி வையுங்கள். தொட்டியில் அவர்கள் விடும் அபேட் மருந்தில் இருப்பது டெமிபாஸ். லிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டாமல் குடிநீரிலும் விடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதைப் பெற்றோருக்குச் சொன்னால் "குடிக்கிற தண்ணில மருந்து ஊத்தறாங்க" என்ற வெசனம் குறையும். புகை மருந்து அந்த நேரத்தில் பறக்கும் கொசுவைத்தான் கொல்லும், தண்ணீரில் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது என்பதையும் அதே கடிதத்தில் எழுதி, வீட்டுத் தொட்டியையும் வெள்ளிக்கிழமை கழுவச் சொல்லுங்கள்.

பக்கத்துத் தோட்டம்

பள்ளி ஒரு பூச்சிக்கும் மருந்தடிக்காமல் இருந்தாலும், வேலிக்கு அந்தப் பக்கம் மக்காச்சோளத்துக்கோ வாழைக்கோ அடிக்கும் மருந்து வகுப்பறைக்குள் வரும். வைகாசி முதல் ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று எப்படி வீசும் என்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதங்களில் பள்ளிக்கு மேற்கே இருக்கும் தோட்டம் யாருடையது என்பதுதான் முதல் கேள்வி.

தோட்டக்காரரிடம் புகாராகப் போகாதீர்கள். வேலை கெட்டுப்போகும். அவருடைய பேரப்பிள்ளையும் அங்கேதான் படித்துக்கொண்டிருக்கும், இல்லையென்றால் அவரே அந்தப் பள்ளியில் படித்திருப்பார். மேலாண்மைக் குழுவிலிருந்து இரண்டு பேர் அவருடைய சாளைக்கே (தோட்டத்து வீட்டுக்கே) போய்ப் பேசுங்கள். "ஏனுங்க மாமா, மருந்தடிக்கிறதுக்கு மொத நாளு ஒரு போன் பண்ணிச் சொல்லீருங்க. முடிஞ்சா சனி, ஞாயிறுல வெச்சுக்கங்க. இல்லீன்னா விடியக்காலம் காத்து அடங்கியிருக்கையில அடிச்சுருங்க" என்று கேட்டால் மறுக்கிறவர் குறைவு. அவர் போன் செய்த அன்று அந்தப் பக்கத்து சன்னலைச் சாத்தி, பிரார்த்தனைக் கூட்டத்தை உள்ளே வைத்து, பெற்றோர் குழுவிலும் ஒரு வரி போட்டுவிடுங்கள். ட்ரோன் வைத்து அடிக்கிறார்கள் என்றால் பள்ளி நேரத்தில் வேண்டவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லலாம்.

ஏதாவது ஆகிவிட்டால்

இந்தப் பகுதியை அச்சடித்து அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். மருந்து உடம்பில் பட்டால் துணியைக் கழற்றிவிட்டுச் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவ வேண்டும். வாடை ஏறி மயக்கமாக இருந்தால் உடனே வெளிக்காற்றுக்குத் தூக்கிக்கொண்டு வாருங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு எதுவும் கொடுக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். புட்டியையோ லேபிள் படத்தையோ கையோடு மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் எந்த முறிமருந்து என்று முடிவு செய்ய முடியும். டெல்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையம் 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை தருகிறது.

வாயில் எச்சில் ஊறி வழிவது, வியர்வை கொட்டுவது, கண்பாவை ஊசிமுனை அளவுக்குச் சுருங்குவது, மூச்சுத் திணறல் ஆகியவை ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்து (குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் போன்றவை) உடம்பில் ஏறியதன் அடையாளங்கள், கொஞ்சமும் தாமதிக்கக் கூடாது. எலிக்கட்டி கதை வேறு. புரோமடியோலோன் போன்ற எலி மருந்தைத் தின்ற பிள்ளை அன்றைக்கும் மறுநாளும் ஓடியாடி விளையாடும், இரத்தக் கசிவு சில நாள் கழித்துத்தான் தெரியும். ஆகவே "நல்லாத்தானே இருக்கான்" என்று வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. வைட்டமின் கே என்ற எளிய மருந்து அதற்கு இருக்கிறது, நேரத்தோடு போனால் போதும்.

எது நடந்தாலும் பெற்றோருக்கு முதல் போன் பள்ளியிலிருந்துதான் போக வேண்டும். பக்கத்து வீட்டிலிருந்து அல்ல.

நோட்டு

கடைசியாக, ஒரு நீளக் குறிப்பேடு. தேதி, பூச்சி, இடம், மருந்தின் பெயர், பதிவு எண், அளவு, அடித்தவரின் உரிம எண், கடிதம் போன தேதி, அதற்குப் பிறகு வந்த புகார். கடிதத்தின் நகலையும் லேபிளின் படத்தையும் அதே பக்கத்தில் ஒட்டுங்கள். பெற்றோர் யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டுங்கள், காரணம் கேட்காதீர்கள். ஆண்டு முடிவில் புரட்டிப் பார்த்தால் ஒரே இடத்துக்கு மீண்டும் மீண்டும் அடித்திருப்பது தெரியும். அங்கே மருந்து வேலை செய்யவில்லை, சுவரிலோ சாக்கடையிலோ பழுது இருக்கிறது என்று புரிந்துகொண்டு கொத்தனாரைக் கூப்பிடுங்கள். அடுத்த ஜூன் மாதம் எல்லா வீட்டுக்கும் அனுப்பும் ஆண்டுக் கடிதத்தை இந்த நோட்டைப் பார்த்தே எழுதிவிடலாம். உங்களுக்கு மாறுதல் வந்தால், சாவிக்கொத்தையும் இருப்புப் பதிவேட்டையும் ஒப்படைக்கும்போது இதையும் சேர்த்து ஒப்படைத்து, வருகிறவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.